காது கேட்காததை யார் நிரூபிப்பது? அமெரிக்க முன்னாள் படையினரின் வழக்குகளும் நமக்கான பாடமும்

போரில் காலை இழந்தவரைப் பார்த்தவுடன் தெரியும். செவியை இழந்தவரை அப்படித் தெரியாது. "எத்தனை தரம் கூப்பிடுறது?" என்று வீட்டுக்குள்ளேயே ஏச்சு வாங்கிக்கொண்டிருப்பார். ஊர் அடங்கிய பிறகும் தன் காதுக்குள் ஓயாமல் கேட்கும் இரைச்சலைப் பற்றி அவர் வெளியே சொல்வதும் குறைவு. சொன்னாலும், காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

காட்ட முடியாத இந்தக் காயத்துக்கு ஓர் அரசு எப்படிப் பொறுப்பேற்கிறது, எப்படித் தட்டிக்கழிக்கிறது என்பதை அறிவதற்காக, ஐக்கிய அமெரிக்கா தன் முன்னாள் படையினரின் விண்ணப்பங்களைக் கையாளும் முறையைப் பற்றிக் கொஞ்சக் காலமாக வாசித்து வருகிறேன். அந்தப் படைகள் மீதான மதிப்பினால் அல்ல. எறிகணைச் சத்தத்துக்குள் வாழ்ந்த ஒரு சமூகத்துக்குத் தேவையான சட்ட அனுபவம் அங்கே குவிந்து கிடக்கிறது என்பதனால்.

அமெரிக்காவில் படைச் சேவையால் வந்ததென ஏற்கப்பட்ட பாதிப்புகளில் முதலிடத்தில் இருப்பது காது இரைச்சல். 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் படையினர் அதற்காகக் கொடுப்பனவு பெறுகிறார்கள். கேட்கும் திறன் இழப்பும் பட்டியலின் முன்வரிசையில் இருக்கிறது. ஆனாலும் முதல் விண்ணப்பத்திலேயே மறுக்கப்படுவோர் ஏராளம்.

மூன்று கேள்விகள்

விண்ணப்பதாரர் மூன்று விடயங்களைக் காட்ட வேண்டும். இப்போது பாதிப்பு இருக்கிறது. சேவைக் காலத்தில் அதற்குக் காரணமான நிகழ்வு நடந்தது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

முதலாவதற்குச் சட்டத்திலேயே அளவுகோல் இருக்கிறது. 500 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான ஐந்து அலைவரிசைகளில் ஏதாவது ஒன்றில் 40 டெசிபல் அல்லது அதற்கு மேல் ஒலி வைத்தால்தான் கேட்கிறது என்றால், அது குறைபாடு. மூன்றில் 26 டெசிபலை எட்டினாலும் குறைபாடுதான். சொற்களை அடையாளம் காணும் சோதனையில் 94 சதவீதத்துக்குக் குறைந்தாலும் அப்படியே.

காது இரைச்சலுக்கு இப்படியான கருவி இல்லை. அது இருக்கிறதா என்பது அனுபவிப்பவருக்கு மட்டுமே தெரியும். இதனை அங்குள்ள நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. தனக்கு இரைச்சல் கேட்கிறது, இந்தக் காலத்திலிருந்து கேட்கிறது என்று சொல்லும் தகுதி வைத்தியரல்லாத சாதாரண ஆளுக்கும் உண்டு என 2002 இல் ஒரு வழக்கில் தீர்ப்பானது.

பெரும்பாலும் சிக்கல் மூன்றாவது கேள்வியில்தான். "படையிலிருந்து விலகியபோது உங்கள் கேட்டல் சோதனை சாதாரணமாக இருந்தது. ஆகவே இப்போதைய குறைபாட்டுக்குச் சேவை காரணமல்ல." மறுப்புக் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் வாதம் இது. சத்தத்தால் வரும் சேதம் பல ஆண்டுகள் கழித்து வெளிப்படுவதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க மருத்துவ நிறுவனம் 2005 இல் வெளியிட்ட அறிக்கையைப் பரிசோதகர்கள் இதற்கு மேற்கோள் காட்டுவார்கள்.

இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று சட்டத்தின் பதில். விலகும்போது சோதனை சாதாரணமாக இருந்தது என்பது மட்டுமே மறுப்புக்குப் போதாது என 1993 இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. மற்றது அறிவியலின் பதில். 2009 இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் எலிகளில் செய்த ஆய்வில், கடும் சத்தத்துக்குப் பின் கேட்டல் அளவு பழைய நிலைக்குத் திரும்பினாலும், செவி நரம்பின் இணைப்புகள் நிரந்தரமாக அழிந்திருப்பது தெரிந்தது. அதாவது, சோதனைத் தாள் சரியாக இருக்கும்போதே காது பழுதாகியிருக்கலாம். பழைய படையினர் பலருக்கு அந்தத் தாளும் இல்லை. காதருகே மெல்லப் பேசிப் பார்த்ததுதான் சோதனை. உயர் அலைவரிசை இழப்பு அதில் பிடிபடாது.

மறுப்புக்குப் பின்

2019 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மேன்முறையீட்டுச் சீர்திருத்தம் மூன்று வழிகளைத் தருகிறது. அதே ஆவணங்களை மூத்த அதிகாரி ஒருவர் மீள்பார்வை செய்வது முதலாவது. புதிய, தொடர்புள்ள சான்றுடன் மீண்டும் விண்ணப்பிப்பது இரண்டாவது. மேன்முறையீட்டுச் சபைக்குச் செல்வது மூன்றாவது. ஒரு வருடத்துக்குள் இவற்றில் ஒன்றை எடுத்தால், வெற்றி பெறும்போது பொதுவாக முதல் விண்ணப்பத் திகதியிலிருந்து நிலுவை கிடைக்கும். சபையும் மறுத்தால் 120 நாட்களுக்குள் நீதிமன்றம் போகலாம்.

எந்த வழி என்பதை மறுப்புக் கடிதமே சொல்லித் தரும். மூன்று கேள்விகளில் எது நிறைவேறவில்லை, விண்ணப்பதாரருக்குச் சாதகமாக எவை ஏற்கப்பட்டன என்பதை அதில் எழுதியாக வேண்டும். ஒருமுறை சாதகமாக ஏற்றதை, அது பிழையென்று தெளிவான சான்று இல்லாமல் அடுத்த அதிகாரி தள்ள முடியாது. "வெடிச்சத்தத்துக்கு உள்ளானார்" என்று ஏற்றுவிட்டால், மிஞ்சுவது தொடர்பு மட்டும். அதற்குத் தேவை காரணம் காட்டி எழுதப்பட்ட வைத்திய அபிப்பிராயமும், ஆரம்பத்திலிருந்தே கூட இருந்து பார்த்த மனைவி, தோழர் ஆகியோரின் வாக்குமூலங்களும்.

இன்னும் இரண்டு விதிகள் முக்கியமானவை. சான்றுகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் விண்ணப்பதாரருக்கே. போர்க்களத்தில் நின்றவர் சொல்வது அந்தச் சூழலோடு பொருந்தினால், பதிவேடு இல்லை என்பதற்காக மட்டும் அதைத் தள்ள முடியாது. சண்டைக்கு நடுவே யாரும் காயப் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பதில்லை என்பதைச் சட்டம் ஒத்துக்கொள்கிறது.

இவ்வளவுக்கும் பின் கிடைப்பது பெரிய தொகையல்ல. இரைச்சல் ஒரு காதிலா இரண்டு காதிலா என்ற வேறுபாடின்றி 10 சதவீதம்தான். 2025 இல் மாதம் சுமார் 175 டொலர். கேட்டல் இழப்பு ஏற்கப்பட்டும் பூச்சிய சதவீதம் பெறுவோர் உண்டு. குறைபாடுள்ள காதடைப்பான்களை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட 3எம் நிறுவனம், பொறுப்பை ஏற்காமலேயே, 2023 இல் சுமார் 600 கோடி டொலருக்கு இணங்கியது. அதுவும் இலட்சக்கணக்கானோர் வழக்குத் தொடுத்த பிறகுதான்.

சீருடை இல்லாத காதுகள்

இங்கேதான் எனக்கு உறுத்துகிறது. பலூஜாவில் குண்டு வெடித்தபோது அமெரிக்கப் படையினனின் காதும் அந்தத் தெருவில் குடியிருந்த ஈராக்கியப் பிள்ளையின் காதும் ஒரே சத்தத்தைத்தான் கேட்டன. படையினனுக்கு மேன்முறையீட்டுக்கு மூன்று வழிகள். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. வெளிநாட்டவருக்கு இழப்பீடு வழங்கும் அமெரிக்கச் சட்டம், சண்டையின்போது நேர்ந்த சேதத்தைத் தன் வரம்புக்கு வெளியே வைத்திருக்கிறது.

நமது நிலையும் அந்தப் பிள்ளையின் நிலைதான். புதுமாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பதுங்குகுழிக்குள் கிடந்தவர்களுக்குப் போருக்கு முந்திய கேட்டல் சோதனை கிடையாது, பிந்தியதும் கிடையாது. முகாமில் உயிரோடு இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்ற கேள்விக்கு முன்னால் காதைப் பற்றி யார் பேசினார்கள்? செல் துண்டு பட்டவருக்காவது வடு இருக்கிறது.

2018 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கச் சட்டத்தால் இழப்பீட்டுக்கான அலுவலகம் அமைந்தது. வடக்கு, கிழக்கு மோதலுடன் தொடர்பான உரிமை மீறல்களால் பாதிக்கப்பட்டவர்கள் அதன் வரையறைக்குள் வருகிறார்கள். சர்வதேச விசாரணையையும் நீதியையும் கேட்டு நிற்கும் நம்மவர்கள் பலருக்கு அந்த அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை. பணத்தைக் கொடுத்து வாயை அடைக்கும் ஏற்பாடு என்ற சந்தேகம் நியாயமானதே. ஆனால் சான்று சேர்ப்பது வேறு, ஓர் அலுவலகத்தை ஏற்பது வேறு. எந்த மன்றம் என்றாவது கேட்டாலும், முதலில் கேட்கப்போவது அதே மூன்று கேள்விகளைத்தான்.

ஆகவே நம் சமூக அமைப்புகளிடமும் சட்டத்தரணிகளிடமும் நான் கேட்பது இரண்டு. முதலாவது, அரசாங்க வைத்தியசாலைகளின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குகளுக்கு எம்மவர்களை அழைத்துச் சென்று, கேட்டல் சோதனையின் பிரதியைக் கையில் வாங்கி வையுங்கள். "காது கொஞ்சம் மந்தம்" என்ற வாய்ச்சொல் எந்த மன்றத்திலும் நிற்காது. இரண்டாவது, எந்த இடத்தில், எந்த மாதத்தில், எவ்வளவு தூரத்தில் செல் விழுந்தது, இரைச்சல் எப்போது தொடங்கியது என்பதைச் சத்தியக்கடதாசியாக எழுதி வையுங்கள். அதே பதுங்குகுழியில் கூட இருந்தவரிடமும் ஒன்று வாங்குங்கள். அவர்களுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.

சந்தேகத்தின் பலன் பாதிக்கப்பட்டவருக்கே என்று ஒரு வரியை அமெரிக்கா தன் படையினருக்காகச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது. இழப்பீட்டைப் பற்றி இனி இங்கு எந்தப் பேச்சு நடந்தாலும், அந்த ஒரு வரியைக் குடிமக்களுக்காக நாம் கேட்க வேண்டும்.