பாறசாலையில் நின்று 112-ஐ அழைத்தால், எந்த மாநிலம் போனை எடுக்கும்?

இரவு பதினோரு மணி. பாறசாலையைத் தாண்டி, இஞ்சிவிளை பக்கம் ஒரு பைக் சறுக்கி விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 112-ஐ அழைக்கிறீர்கள். "எங்க இருக்கீங்க?" என்கிறது மறுமுனை. நீங்கள் வெளியூர்க்காரர். சுற்றிலும் மலையாள போர்டு, தமிழ் போர்டு இரண்டும் இருக்கின்றன. உங்கள் மேப்பில் நீலப் புள்ளி சரியான இடத்தைக் காட்டுகிறது. ஆனால் அந்தப் புள்ளி கட்டுப்பாட்டு அறையின் திரைக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிவிடாதீர்கள்.

டவருக்கு என்ன தெரியும்?

நெட்வொர்க்குக்கு முதலில் தெரிவது, உங்கள் போன் எந்த டவரின் எந்தப் பக்கத்தோடு பேசுகிறது என்பது மட்டும்தான். நகரத்தில் அது சில நூறு மீட்டர் வட்டாரம். டவர்கள் தள்ளித் தள்ளி நிற்கும் கிராமத்தில் சில கிலோமீட்டர்.

சிக்னல் போய்வர எடுக்கும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடலாம். 2ஜி-யில் இந்த அளவுகோலின் ஒரு படி சுமார் 550 மீட்டர், 4ஜி-யில் சுமார் 78 மீட்டர். ஆனால் இது தூரத்தைத்தான் சொல்லும், திசையைச் சொல்லாது. மூன்று டவர்களாவது கணக்கில் வந்தால்தான் புள்ளி கிடைக்கும். அவற்றின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலே 300 மீட்டர் போச்சு!

எல்லையில் ஏன் கூடுதல் சிக்கல்?

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மேப்பில் இருக்கிறது, சிக்னலுக்கு அது தெரியாது. கேரள வட்டத்தின் சிக்னல் பலவீனமானால், பாறசாலையில் இருக்கும் போன் களியக்காவிளை டவரைப் பிடிக்கலாம். அவசர அழைப்பு எந்த மாநிலத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்த டவர்தான் தீர்மானிக்கிறது. சென்னையில் சில நூறு மீட்டர் பிசகினால் தெரு மாறும். இங்கே மாநிலம், போலீஸ், ஆம்புலன்ஸ் எல்லாமே மாறும்.

தீர்வு இருக்கிறதா?

இருக்கு. துல்லியமான இடம் ஏற்கெனவே போனுக்குள் உள்ளது. திறந்த வெளியில் ஜி.பி.எஸ். ஐந்து மீட்டர் வரை சரியாகச் சொல்லும். அவசர எண்ணை அழைத்த அந்த நொடியில் மட்டும் போனே அதை அனுப்பினால் போதும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 மார்ச் 17 முதல், விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களில் இது கட்டாயம். இந்தியாவில் ஆண்ட்ராய்டின் அவசர இருப்பிடச் சேவையை முதலில் 112-உடன் இணைத்த மாநிலம் உத்தரப் பிரதேசம். அறிவிப்பு வந்தது 2025 டிசம்பரில். தமிழ்நாடு, கேரளம் இரண்டிலும் 112 தொடங்கியதோ 2019 பிப்ரவரியில்.

அப்படியானால் எப்போதும் கண்காணிக்கலாமா?

இங்கேதான் கவனம் தேவை. போன்களில் செயற்கைக்கோள் இருப்பிட வசதியை எப்போதும் 'ஆன்' நிலையிலேயே வைக்கக் கோரும் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் யோசனையை மத்திய அரசு பரிசீலிப்பதாக 2025 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. ஆப்பிள், கூகுள், சாம்சங் அதை எதிர்த்தன. அது புலனாய்வு அமைப்புகளுக்காக எழுந்த யோசனை, ஆம்புலன்ஸுக்காக அல்ல. இரண்டும் ஒன்றில்லை. நீங்கள் உதவி கேட்கும்போது உங்கள் இடம் தெரிவது வேறு, கேட்காதபோதும் தெரிவது வேறு. எல்லைக் கிராமத்துக்குத் தேவை முதலாவது. அதற்காக இரண்டாவதை ஏற்க வேண்டிய அவசியம் இல்லை.

இப்போதைக்கு நீங்கள் என்ன செய்யலாம்?

போனில் லொகேஷனை ஆன் செய்து வையுங்கள். அழைப்பு இணைந்ததும் முதலில் மாநிலத்தைச் சொல்லுங்கள், பிறகு ஊர், ஜங்ஷன், பக்கத்திலுள்ள கடை அல்லது கோயில். தெரியாவிட்டால் மேப்பைத் திறந்து, நீலப் புள்ளியை அழுத்தி, அங்கே வரும் எண்களை வாசியுங்கள். அந்த எண்கள் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.