பார்வையைப் பறித்தவர் யார்?

ஏழைக் குழந்தையின் கண் இருண்டுவிட்டால் குற்றப்பத்திரம் உடனே தயாராகிவிடுகின்றது. எதிரி, தாய். அவளுக்கு அறிவில்லை, சுத்தம் தெரியாது, கீரை சமைக்கத் தெரியாது என்று மேடையேறும் கனவான்கள் அடுக்குகின்றனர். அயலாரோ "முன்வினை" என்ற ஒரே சொல்லில் வழக்கை முடித்துவிடுகின்றனர். சாட்சியம் கேளாது தீர்ப்பளிப்பது எந்த நீதி?

நோயில் மர்மம் ஒன்றுமில்லை. விற்றமின் ஏ என்னும் உயிர்ச்சத்துக் குறைந்த பிள்ளை, முதலில் அந்தி வெளிச்சத்தில் தடுமாறும். எம் முன்னோர் மாலைக்கண் என்றது இதனையே. பின்னர் கண்ணின் வெண்மை வறண்டு, நுரை படிந்தாற்போன்ற புள்ளி தோன்றும். இவ்வளவில் மருந்து கிடைத்தால் கண் மீளும். சின்னமுத்தோ வயிற்றோட்டமோ வந்து சேர்ந்தாலோ, கருவிழியை மூடிய தெளிந்த படலம் சில நாட்களிலேயே உருகிப் போகும், அதன்பின் மீட்சியில்லை. ஆண்டுதோறும் 250,000 முதல் 500,000 வரையான குழந்தைகள் இவ்வாறு பார்வையிழக்கின்றனர், அவர்களிற் பாதிப்பேர் ஓராண்டுக்குள் மடிகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலமாக எடுத்துரைத்துவந்த மதிப்பீடு.

இனி எமது முதற் சாட்சி டென்மார்க். பாலும் வெண்ணெயும் பெருகிய நாடு அது. முதலாம் உலகப் போரில் வெண்ணெய்க்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்தது, வெண்ணெய் கப்பலேறிற்று. ஏழைப் பிள்ளைக்கு எஞ்சியவை ஆடை நீக்கிய பாலும் மாஜரினும். அக்கால மாஜரினில் இவ்வுயிர்ச்சத்து இருக்கவில்லை. கண்ணுருகிய பிள்ளைகளைக் கொப்பன்ஹேகனில் கண்ட பிளொக் என்னும் குழந்தை வைத்தியர், மீனெண்ணெயும் முழுப்பாலும் கொடுத்துத் தேற்றினார். 1917 இல் ஜேர்மன் நீர்மூழ்கிகள் கடலை மறித்தன. ஏற்றுமதி தடைப்பட, அவ்வாண்டிறுதியில் வெண்ணெய் பங்கீட்டு முறையில் மக்களுக்கே வழங்கப்பட்டது. 1918 இல் நோய் மறையலாயிற்று. போர் ஓய்ந்து, பங்கீடு நீங்கி, வெண்ணெய் மீண்டும் கப்பலேறியபோது நோயும் திரும்பி வந்தது.

டென்மார்க்கின் தாய்மார் ஓராண்டு அறிவு பெற்று, மறு ஆண்டு அதை இழந்தனரோ?

எமது கமக்காரர் இதைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டியதில்லை. விளைந்ததை நல்ல விலைக்கு விற்பது குற்றமன்று. விற்றபின் நாட்டுப் பிள்ளைக்கு என்ன மிஞ்சும் என்று கணக்குப் பார்ப்பது ஆட்சியாளரின் கடமை. அக்கணக்குப் பிழைத்தால் என்ன நேரும் என்பதை நாமும் கண்டோம். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி உணவு விலை, முந்திய ஆண்டிலும் பார்க்க ஏறக்குறைய 95 சதவீதம் உயர்ந்து நின்றது. முட்டையும் பால்மாவும் கூலித் தொழிலாளியின் படியேற மறுத்தன. "முருங்கையிலை உண்ணுங்கள்" என்ற உபதேசம் மட்டும் என்றும் மலிவு!

முருங்கையிலை நல்லதே, பப்பாசியும் பூசணியும் மாம்பழமும் நல்லவையே. ஆயினும் இலையிலுள்ள சத்து உடலிற் சேரச் சிறிது எண்ணெயாவது வேண்டும். சிறு குழந்தை விழுங்கும் இரண்டு கரண்டிக் கீரை, முட்டைக்கும் பாலுக்கும் ஈடாகாது. அதற்கும் மேலாக, மரம் நட நிலம் வேண்டுமே. மலையகத்து லயன் அறையில் வாழ்பவள் முருங்கையை எங்கே நடுவாள்? கூரையிலா?

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் நடந்த ஆய்வொன்று 1986 இல் வெளியாயிற்று. ஆறு மாதத்துக்கொரு முறை இவ்வுயிர்ச்சத்து வழங்கப்பட்ட கிராமங்களில், கண் மாத்திரமன்றி உயிரும் காக்கப்பட்டது. குழந்தை மரணம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. அம்மருந்து இலங்கையிலும் வழங்கப்படுகின்றது. நன்று. ஆனால் பதிவேட்டில் "வழங்கப்பட்டது" என்றிருப்பது, கடைசி வீட்டுப் பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சியாகாது.

பிரதேச சபைகளில் எம் வாக்கினால் அமர்ந்திருப்போரே! உங்கள் வட்டாரத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? மருந்து தவறியோர் எத்தனை பேர்? அவர்கள் எந்த ஒழுங்கையில் வாழ்கின்றனர்? அடுத்த கூட்டத்தில் இவற்றைக் கேட்டுக் கூட்டறிக்கையிற் பதியச் செய்யுங்கள். கணக்கு இல்லை என்பார்களாயின், அந்த மறுமொழியையும் எழுத்தில் வாங்கி வையுங்கள்.