அட்டன்பரோ என்னும் பெயர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சமீபத்தில் பிள்ளைகளுக்குக் 'காந்தி' படத்தைப் போட்டுக் காட்டினோம். 1982-ல் வெளிவந்து எட்டு ஆஸ்கார் பரிசுகளைப் பெற்ற படம். முடிந்ததும் ஒரு பையன் எழுந்து, "ஸார், டைரக்டர் பெயர் ரிச்சர்டு அட்டன்பரோ என்று வந்ததே, அதற்கு அர்த்தம் என்ன?" என்றான். ஷேக்ஸ்பியருக்குப் பொருள் சொல்லும் உபாத்தியாயருக்கு இந்தச் சின்னக் கேள்விக்கு விடை தெரியவில்லை! தேடிப் பார்த்தேன். தேடியது வீண் போகவில்லை.

இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகருக்குத் தென்மேற்கே, டிரெண்ட் நதிக்கரையில் அட்டன்பரோ என்ற சிற்றூர் இருக்கிறது. முதலாம் சார்லஸ் மன்னனின் மரண தண்டனைப் பத்திரத்தில் கையெழுத்திட்ட ஹென்றி அயர்ட்டன் பிறந்த ஊர் அது. பெயரின் பிற்பகுதிக்குப் பழைய ஆங்கிலத்தில் அரண் சூழ்ந்த இடம் என்று பொருள். முற்பகுதி யாரோ ஒரு புராதன மனிதனின் பெயர்.

1066-ல் நார்மானியர் வந்தபின் வம்சப் பெயர் வைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் மெள்ளப் பரவிற்று. சிலருக்குத் தொழிலே பெயராயிற்று. ஸ்மித் என்றால் கொல்லன். நம் மகாத்மாவின் குடும்பப் பெயரும் அவ்வகையே. குஜராத்தியில் காந்தி என்பது மளிகை விற்பவரைக் குறிக்கும். வேறு சிலருக்கு ஊரின் பெயர் ஒட்டிக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சொந்த ஊரில் இருக்கும்வரை ஒருவனை யாரும் ஊர்ப் பெயரால் அழைப்பதில்லை. ஊரைவிட்டுப் போனவனுக்கே அந்தப் பெயர்!

ஊருக்கு ஊர் கொல்லன் இருந்ததால் ஸ்மித்துகள் லட்சக்கணக்கில் பெருகினர். அட்டன்பரோக்களோ சிலரே. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோமை லெஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த டூரி கிங், மார்க் ஜாப்ளிங் என்னும் விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2009-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 40 வம்சப் பெயர்களைக் கொண்ட சுமார் 1,700 ஆடவரைச் சோதித்தார்கள். ஸ்மித்துகளிடையே தனிப்பட்ட உறவு எதுவும் தென்படவில்லை. அட்டன்பரோக்களிலோ பத்தில் ஏறக்குறைய ஒன்பது பேர் ஒரே மூதாதையின் சந்ததி என்று தெரிந்தது. மகன் இல்லாத வீட்டில் பெயர் மறைந்துவிடும். பலர் வழி அற்றுப்போக, ஒருவன் வழி தழைத்தது போலும்.

எஞ்சிய பத்தில் ஒருவர்? சுவீகாரம் வந்தவராக இருக்கலாம்; தாயின் பெயரைக் கொண்டவராக இருக்கலாம். அவர்களை அட்டன்பரோ அல்லர் என்று சொல்லிவிட முடியுமா?

இதற்கு அந்தக் குடும்பமே விடை அளித்திருக்கிறது. ரிச்சர்டின் தந்தை பிரெடரிக், அதே லெஸ்டர் கலாசாலையின் தலைவராக இருந்தவர். 1939-ல் ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த இரண்டு யூதச் சிறுமியர் அவர் வீட்டை அடைந்தனர். அமெரிக்காவிலிருந்த உறவினரிடம் போகவேண்டிய அவர்களை யுத்தம் தடுத்துவிட்டது. பெற்றோர் தம் மூன்று புதல்வர்களையும் அழைத்துச் சம்மதம் கேட்டு, அச்சிறுமியரை யுத்தம் முடியும்வரை சொந்த மகள்களாகவே வளர்த்தனர்.

அவர்களுக்கு அந்தப் பெயரும் இல்லை, அந்த ரத்தமும் இல்லை. ஆயினும் அந்த வீட்டில் அவர்களுக்கு இடம் இருந்தது. பெயருக்கு அர்த்தம் கேட்ட பையனுக்கு இதையும் சேர்த்தே சொன்னேன்.