செப்பிடு வித்தையும் சிறைப்பட்ட ஏடுகளும்

செம்புக் கலசம் ஒன்று. அதன் பக்கத்திலே ஒரு கைப்பிடி அரிசி. கலசத்தை நெருக்கினால் அரிசி துள்ளிப் போய் ஒட்டிக்கொள்கிறது! “இடி விழுந்த கலசம் இது, உள்ளே இரிடியம் இருக்கிறது, வெளிநாட்டிலே கோடிக்கு விலை போகும், முன்பணம் போட்டால் உனக்கும் பங்கு” என்கிறான் ஒருவன். நிலத்தை விற்று, நகையை அடகு வைத்து, பணத்தைக் கொண்டுவந்து கொட்டுகிறான் இன்னொருவன். ‘ரைஸ் புல்லிங்’ என்று பெயர் சூட்டி நடத்தப்படும் இந்த மோசடி, தமிழ்நாட்டிலே எத்தனை முறை போலீஸ் வழக்காகி இருக்கிறது! கலசத்திலே காந்தம், அரிசியிலே இரும்புத் தூள். ரகசியம் அவ்வளவுதான்.

ஒரு துண்டுக் காந்தத்துக்கு ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பு பலியாகிறதே, ஏன்? படிக்காதவன் மட்டுமா ஏமாறுகிறான்? பட்டம் பெற்றவனும் அல்லவா கைகட்டி நிற்கிறான்! காந்தம் இரும்பை இழுக்கும் என்று பள்ளியிலே சொல்லிக் கொடுத்தார்கள். காந்தத்தைக் கொண்டு எப்படிக் கண்ணைக் கட்டுவார்கள் என்பதைச் சொல்லிக் கொடுத்தார்களா? இல்லை. சொல்லிக் கொடுக்கும் புத்தகங்கள் உலகத்திலே இல்லாமலா போயின? இருக்கின்றன; 400 ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. அந்த ஏடுகளைக் காப்பதும், கேட்பவர் எல்லோருக்கும் கிடைக்கச் செய்வதும் பொழுதுபோக்குக்காரர் நான்கு பேரின் கவலை என்று ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! ஏமாறுகிறவன் பக்கம் நிற்கிற அனைவருடைய கவலை அது என்கிறோம் நாம்.

கிழவிகளுக்காக எழுதப்பட்ட ஏடு

இங்கிலாந்திலே கெண்ட் வட்டாரத்தில் வாழ்ந்த ரெஜினால்டு ஸ்காட் என்பவர், 1584-ஆம் ஆண்டு ‘தி டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்’ என்ற பெரு நூலை வெளியிட்டார். பசுவின் மடி வற்றினால் அண்டை வீட்டுக் கிழவிதான் காரணம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் அவள்தான் காரணம் என்று அலைந்த காலம் அது. நாதியற்ற ஏழைக் கிழவிகளைச் சூனியக்காரிகள் என்று பிடித்துக் கயிற்றிலே தொங்கவிட்டார்கள். “இது அநியாயம்” என்று சொல்ல எழுந்தவர் ஸ்காட்.

வெறும் வாதத்தோடு அவர் நிற்கவில்லை. அற்புதம் என்று சந்தையிலே காட்டப்படும் வேடிக்கைகள் எப்படிச் செய்யப்படுகின்றன என்பதைப் படம் போட்டே காட்டினார். வெட்டுண்ட தலை தட்டிலே இருந்து விழிக்கும் வித்தையா? மேசையிலே இரண்டு துளைகள். மேலே படுத்திருப்பவன் ஒரு துளையிலே தன் தலையைத் தொங்கவிட்டு மறைக்கிறான். மேசைக்கு அடியில் உட்கார்ந்திருப்பவன் மறு துளை வழியாகத் தலையை நீட்டுகிறான். பார்ப்பவர் கண்ணுக்கு ஒரே உடல், இரண்டு துண்டு! கையை அறுக்கும் கத்தியா? நடுவிலே வளைவாகப் பள்ளம் வெட்டிய கத்தி அது. இப்படி ஒவ்வொன்றாக உடைத்துக் காட்டினார். லண்டனிலே உழைத்துப் பிழைத்த பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கைத்திறமையைப் பாராட்டியும் எழுதினார். வித்தையை வித்தை என்று சொல்லிக் காட்டுபவன் மெச்சத்தக்கவன். அதையே தெய்வசக்தி என்று விற்பவன் எத்தன் என்று அன்றே கோடு கிழித்துவிட்டார்.

ஆதிக்கக்காரருக்கு இந்த ஏடு இனித்திருக்குமா? ஸ்காட்லாந்து மன்னன் ஆறாம் ஜேம்ஸ், 1597-இல் இதனை எதிர்த்துத் தானே ஒரு நூல் எழுதினான். 1603-இல் இங்கிலாந்துக்கும் அவனே மன்னன் ஆனான். அடுத்த ஆண்டே சூனியச் சட்டம் மேலும் கடுமையாக்கப்பட்டது. ஸ்காட்டின் நூல் இங்கிலாந்திலே மீண்டும் அச்சேறியது எப்போது தெரியுமா? 1651-இல்! 67 ஆண்டுகள்! 1645 முதல் 1647 வரை மாத்யூ ஹாப்கின்ஸ் என்பவன் ‘சூனியக்காரிகளைப் பிடிப்பவன்’ என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டு, கிழக்கு இங்கிலாந்திலே பெண்களைக் கயிற்றுக்கு அனுப்பியதும் இந்த இடைவெளியிலேதான். ஒரு புத்தகமே அந்தக் கயிற்றை அறுத்திருக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஏடு கைக்கு எட்டாத நாட்டிலே எத்தனுக்கு எதிர்ப்பு ஏது என்று கேட்கிறோம்.

ஒருவன் கையிலே மட்டும் இருந்தால்

ஏடு ஒரு பக்கத்தார் கையிலே மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அல்ஜீரியா சாட்சி சொல்லும். ராபர்ட் ஹூடின் என்ற பிரெஞ்சு வித்தைக்காரர், கடிகாரத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். கடிகாரம் செய்யும் தொழில் பற்றிய இரண்டு பாக நூல் ஒன்றை வாங்கப் போனாராம். கடைக்காரர் தவறுதலாக வேறு இரண்டு பாகங்களைக் கட்டிக் கொடுத்தாராம். வீட்டிலே பிரித்துப் பார்த்தால் வித்தைகளை விளக்கும் புத்தகம்! அந்தத் தவறுதான் தம்மை வித்தைக்காரர் ஆக்கியது என்று அவரே தம் வரலாற்றிலே எழுதி வைத்திருக்கிறார். பட்டறைப் பையன் கையிலே சேர்ந்த ஒரு புத்தகத்தின் வலிமையைப் பாருங்கள்!

அதே மனிதரை 1856-இல் பிரெஞ்சு சர்க்கார் அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. எதற்கு? அந்த மண்ணின் மக்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து நின்றார்கள். அவர்களுடைய சாமியார்களின் ‘அற்புத’த்தைக் காட்டிலும் பிரெஞ்சுக்காரன் ‘அற்புதம்’ பெரிது என்று காட்டி அவர்களை அடக்கவேண்டும் என்பதற்கு! மேடையிலே ஒரு சிறு பெட்டி. குழந்தையும் தூக்கும் பெட்டி. “உன் பலத்தைப் பிடுங்கிவிட்டேன், இப்போது தூக்கு பார்க்கலாம்” என்றார் ஹூடின். மல்லன் ஒருவன் மூச்சைப் பிடித்து இழுத்தும் பெட்டி அசையவில்லை! மேடைக்கு அடியிலே மின்காந்தம். பெட்டியின் அடியிலே இரும்பு. கைப்பிடியிலே மின்சாரத்தைப் பாய்ச்சியதும் மல்லன் அலறிக்கொண்டு ஓடினான்.

கலசமும் அரிசியும் நினைவுக்கு வருகிறதா, தோழர்களே? அங்கேயும் காந்தம், இங்கேயும் காந்தம். அங்கே ஒரு நாட்டை அடக்க. இங்கே ஒரு வீட்டைச் சுரண்ட. இரண்டு இடத்திலும் ஒரு பக்கத்தானுக்கு ரகசியம் தெரியும். மறு பக்கத்தானுக்குத் தெரியாது. அந்த வேறுபாட்டிலேதான் ஏமாற்று வாழ்கிறது. பின்னாளில், 1868-இல், ஹூடினே தம் கலையின் நுணுக்கங்களை நூலாக எழுதி வெளியிட்டார். அதை அவர் கணக்கிலே வரவு வைக்கத்தான் வேண்டும்.

“பிழைப்பைக் கெடுக்கலாமா?”

“எல்லாம் சரி; ரகசியத்தை அச்சுப் போட்டால் ஏழை வித்தைக்காரன் வயிற்றிலே அடிப்பதாகாதா?” என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்வி, உழைப்பவனை நினைத்துக் கேட்கும் கேள்வி. ஸ்காட்டுக்கே இந்த உறுத்தல் இருந்தது. இதைக் கொண்டு பிழைக்கும் ஏழைகளுக்கு இடையூறாகுமே என்று வருந்தியே எழுதினார்.

ஆனால் நடந்தது என்ன? 1876-இல் லண்டன் வழக்கறிஞர் ஒருவர் ‘புரொஃபசர் ஹாஃப்மன்’ என்ற புனைபெயரில் ‘மாடர்ன் மேஜிக்’ என்ற நூலை எழுதினார். சீட்டு, நாணயம், கிண்ணம், கைக்குட்டை எல்லாவற்றையும் முறையாகக் கற்பித்த நூல். கலை செத்தது என்று கூவினார்கள். செத்ததா? அதே லண்டனிலே மாஸ்கலின் குழுவினர் எகிப்திய மண்டபத்திலே 1873 முதல் 1904 வரை வித்தை நடத்தினார்கள். அதன் பிறகு வேறு மண்டபத்துக்குப் போயும் நடத்தினார்கள். புத்தகம் படித்துப் புதிய வித்தைக்காரர்கள் பிறந்தார்கள். சமையல் புத்தகம் வந்ததால் சாப்பாட்டுக் கடை மூடப்பட்டதா? ராகம் தெரிந்தவன் கச்சேரிக்குப் போகாமல் இருக்கிறானா? கைத்திறமைக்குத்தான் காசு, மூடி வைத்த ரகசியத்துக்கு அல்ல.

மூடி வைத்ததால் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது என்பதையும் பார்ப்போம். லண்டனிலே 1905-இல் ‘மேஜிக் சர்க்கிள்’ என்ற சங்கம் அமைத்தார்கள். ரகசியம் காப்பதே அதன் விதி. அதன் முதல் தலைவர் டேவிட் டெவண்ட், பெரும் புகழ் பெற்ற கலைஞர். நோய் வந்து மேடையை விட்டு விலகியவர், 1936-இல் தம் சொந்த வித்தைகளைத் தாமே எழுதி வெளியிட்டதற்காகச் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்! பிறகு சேர்த்துக்கொண்டார்கள் என்பது வேறு சேதி.

நம்மவர் கதை அதைவிடக் கசப்பு. 1810-களிலே இந்தியாவிலிருந்து லண்டனுக்குப் போனவர் ஒருவரை ‘ராமோ சாமி’ என்று வெள்ளைக்காரர் விளம்பரம் செய்தார்கள். ராமசாமி என்று நாம் படித்துக்கொள்ளலாம். கிண்ணமும் பந்துமாகச் செய்யும் செப்பிடு வித்தையிலும், வாளை விழுங்குவதிலும் அந்த மாநகரையே வியக்க வைத்தவர். 1850-இல் அவர் இறந்தபோது அடக்கத்துக்குக் காசில்லாமல் அவர் மனைவி பொதுமக்களிடம் கையேந்த நேர்ந்தது. அவருடைய கலையை அவர் சொல்ல, அவர் பெயரிலே ஒரு புத்தகம் ஆக்கியிருந்தால், உரிமைத் தொகையாவது அந்தக் குடும்பத்துக்கு வந்திருக்கும் அல்லவா?

இன்றைக்கும் தெருவிலே வித்தை காட்டுபவனை நம் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 1959-ஆம் ஆண்டின் பம்பாய்ப் பிச்சை ஒழிப்புச் சட்டம், வித்தை காட்டிக் காசு வாங்குவதையும் பிச்சை என்ற பட்டியலிலே சேர்த்தது. அந்தச் சட்டம் பின்னர் டில்லிக்கும் நீட்டப்பட்டது. 2018-இல் டில்லி உயர்நீதிமன்றம், டில்லியைப் பொறுத்தவரை அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது. அதே வித்தையை மாளிகை மண்டபத்திலே செய்தால் கலைஞன்; மரத்தடியிலே செய்தால் பிச்சைக்காரனா?

எனவே நாம் பிரித்துச் சொல்கிறோம். பழைய ஏடுகள் பொதுச் சொத்து, தாராளமாகப் பகிர்ந்துகொள்க. இன்று உயிரோடு இருக்கும் கலைஞனின் வித்தை அவன் உடைமை. அவனைக் கேட்டு, கூலி கொடுத்து, அவன் பெயர் போட்டு எழுதுக.

நொறுங்கும் காகிதம்

பகிர்வதற்கு முதலில் ஏடு இருக்க வேண்டுமே! 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மரக்கூழ்க் காகிதத்திலே அமிலம் கலந்திருக்கிறது. ஆண்டுகள் ஆக ஆகப் பழுத்து, தொட்டால் நொறுங்குகிறது. ஸ்காட்டின் நூல் 1886-இல் மறுபதிப்பானபோது அச்சிட்டது 250 படிகள்தான். அலமாரியிலே பூட்டி வைத்துப் பெருமைப்பட்டவன் வீட்டிலே பூச்சி படித்ததே தவிர, மனிதன் படிக்கவில்லை.

காத்துக் கொடுத்தவரும் உண்டு. ஹூடின் பெயரையே தம் பெயராக்கிக்கொண்ட ஹாரி ஹூடினி, நியூயார்க்கிலே கழுத்துப்பட்டைத் தொழிற்சாலையில் கூலி வேலை செய்த ஏழைப் பிள்ளை. பேரும் பணமும் வந்தபின் புத்தகம் புத்தகமாகச் சேர்த்தார். 1926-இல் அவர் மறைந்ததும், அவர் விருப்பப்படி 3,988 நூல்கள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரசுக்குப் போய்ச் சேர்ந்தன. அதே 1926-இல், குறி சொல்லிக் காசு பறிப்பதைத் தடுக்கும் மசோதாவுக்காக அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன்னே போய்ச் சாட்சி சொன்னவரும் அவரே. ஏட்டைச் சேர்ப்பதும் எத்தனை எதிர்ப்பதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன!

நம் கோவைப் போத்தனூரிலே வாழ்ந்து 2009-இல் மறைந்த பசவ பிரேமானந்த் அந்த வழியில் வந்தவர். கைவிரல் இடுக்கிலே மாத்திரையாக மறைத்த திருநீறு, ‘நெய்’ என்று சொல்லி ஊற்றும் கிளிசரினும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்ந்து தானே பற்றும் யாகத் தீ என்று ஒவ்வொன்றையும் ஊர் ஊராகச் செய்து காட்டி, விளக்கத்தை நூலாகவும் எழுதி வைத்தார். தாம் கற்றதை அவர் யாரிடம் ஒளித்தார்?

என்ன செய்யலாம்?

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தால் அவர் நூல் பொதுச் சொத்து. ஸ்காட் மறைந்தது 1599, ஹூடின் 1871, ஹாஃப்மன் 1919, ஹூடினி 1926. ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை! இணையத்திலே படமெடுத்து வைக்கப்பட்ட பழம்பதிப்புகள் கிடைக்கின்றன. ஆனால் ஆங்கிலத்திலே கிடைக்கின்றன. அதுவும் பழைய ஆங்கிலத்திலே. அவை தமிழிலே வர வேண்டும். மேசைத் துளையையும் கத்திப் பள்ளத்தையும் படத்தோடு விளக்கும் எளிய தமிழிலே வர வேண்டும்.

பொது நூலகத் துறை இதைச் செய்யட்டும் என்று கேட்கிறோம். செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. படிப்பகம் நடத்தும் தோழர்களே, உங்கள் அலமாரியிலே ஒரு வித்தைப் புத்தகம் இருக்கட்டும். மொழி தெரிந்த இளைஞர்கள் மாதம் ஒரு அத்தியாயம் மொழிபெயர்க்கட்டும். ஆலைவாயிற் கூட்டத்திலே, ஆண்டு விழாவிலே, ஊரிலே உள்ள வித்தைக்காரரை அழைத்து மேடை கொடுங்கள். பேச்சாளருக்கு வழிச்செலவு கொடுப்பதைப் போல அவருக்கும் கொடுங்கள். அவர் இசைந்தால் அவர் கலையை எழுதி வையுங்கள். பாட்டனார் வைத்திருந்த பழைய வித்தைப் புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், எடைக்குப் போடாதீர்கள்; படமெடுத்துப் பத்துப் பேருக்குக் கொடுங்கள்.

அடுத்த முறை செம்புக் கலசத்தோடு ஒருவன் தெருவுக்குள்ளே நுழையும்போது, “அரிசியை நான் கொண்டு வருகிறேன், உன் அரிசி வேண்டாம்” என்று சொல்ல அந்தத் தெருவிலே ஒரே ஒரு தொழிலாளி இருந்தால் போதும், ஒரு குடும்பம் பிழைக்கும். அந்த ஒரு தொழிலாளியை உருவாக்கும் வலிமை பழைய ஏடுகளுக்கு உண்டு. ஏடு திறக்கட்டும், கண் திறக்கும்!