உயர்திணையை அஃறிணையாக்கும் கயமை

தமிழன் தன் மொழியின் பெருமையைப் பேசப் புகுந்தால் முதற்கண் எடுத்து வைப்பது திணைப் பகுப்பையே. கல்லுக்கும் கட்டிலுக்கும் ஆண்பெண் கற்பித்து இடர்ப்படும் மொழிகளினிடையே, மாந்தரை உயர்திணை என்றும் ஏனையவற்றை அஃறிணை என்றும் பகுத்துக் கண்ட மொழி தமிழ் என்று மேடைதோறும் முழங்குகின்றான். முழக்கம் மெய்யே. ஆயினும், மேடையினின்று இறங்கித் தெருவில் நடக்கும் அதே தமிழன், எதிரே ஒரு திருநங்கை வரக் கண்டால், ‘அது வருகிறது பார்’ என்கின்றான். மொழியால் உயர்ந்தவன் நாவால் தாழ்ந்து போகும் இடம் இதுவே.

இத்தகையோரைத் தொல்காப்பியர் எங்கு வைத்தார்? சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்திலேயே உயர்திணையில் வைத்தார். அதனோடு நில்லாது, ஆண்மை திரிந்த பெயர் ஆண்பாற் சொல்லோடு முடியாது என்றும் அவ்வியலிலேயே வரையறுத்தார். எனவே, திருநங்கையை ‘அவன் வந்தான்’ என்பவன் ஒருவரை இழிவு செய்வதோடு தொல்காப்பியத்தையும் மீறுகின்றான் என்க. ஏறத்தாழ 800 ஆண்டுகட்கு முன் நன்னூல் செய்த பவணந்தியார், பெண்மை விட்டு ஆண்மை விரும்புவோரை ஆண்பாலிலும், ஆண்மை விட்டுப் பெண்மை விரும்புவோரைப் பெண்பாலிலும் சேர்த்தார். ஒருவரின் பாலை அவர்தம் உள்ளமே முடிவு செய்யும் என இந்திய உச்ச அறமன்றம் 2014 ஏப்பிரல் 15 அன்று தீர்ப்பளித்தது. அக்கருத்தின் வித்து தமிழ் இலக்கணத்தில் முன்பே கிடந்தது! ஆனால் அப்பவணந்தியாரே, இவர்கள் அஃறிணை போலவும் கொள்ளப்படுவர் என்று ஒரு புழைவாயிலையும் திறந்து வைத்துவிட்டார். தமிழ்க் குமுகாயம் தொல்காப்பியரின் தலைவாயிலை அடைத்துவிட்டு, அப்புழைவாயில் வழியே புகுந்து கொண்டது.

‘இஃதெல்லாம் மேலைநாட்டு வரவு, தமிழ்ப் பண்பாட்டுக்குக் கேடு’ என்று கூச்சலிடுவோர் உளர். அவர்கள் சிலப்பதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ‘பேடு’ என்பதும் ஒன்று. மேலைநாட்டு வரவு எது? 1871-இல் வெள்ளையர் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், வடபுலத்தில் இத்தகையோரைப் பதிவேட்டில் அடைத்து, அவர்கள் பெண்ணுடை பூண்டு பொதுவிடத்தில் தோன்றுவதையே குற்றமாக்கியது. வந்தேறியது வெறுப்பே, மாந்தர் அல்லர்.

சென்னை அசோக் நகரில் நான்கு அரிமாக்கள் அமர்ந்த தூண் ஒன்று நிற்கின்றது. யார் பெயரால் அத்தூண் நிற்கின்றதோ அவ்வடபுல வேந்தன், தன் ஆட்சிக்கு அடங்காத சோழ, பாண்டிய, சேரர் நாடுகளிலும் மாந்தர்க்கும் விலங்கிற்கும் மருத்துவம் செய்வித்ததாகத் தன் பாறைக் கல்வெட்டில் பொறித்தான். அயலவனுக்கு இருந்த அவ்வருள், தன் வயிற்றில் பிறந்த பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்தும் தமிழனுக்கு ஏன் இல்லை? அத்தூணைச் சுற்றியுள்ள தெருக்களில் குடிக்கூலிக்கு வீடு தேடி வரும் திருநங்கைக்கு எத்தனைக் கதவுகள் திறக்கும்? காய்ச்சலென்று மருத்துவமனைக்குச் சென்றால், ஆண்கள் பகுதியா பெண்கள் பகுதியா என்று வாயிலிலேயே நிறுத்தி ஊரைக் கூட்டுவது மருத்துவமா? பாலுறுதி அறுவை மருத்துவத்தை அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றிச் செய்ய வழிவகுத்தது தமிழ்நாடு. 2008 ஏப்பிரல் 15-இல் திருநங்கையர்க்கென நலவாரியம் கண்டதும் தமிழ்நாடே. அறுவை முடிந்தபின் வாழ்நாள் முழுதும் வேண்டிய இயக்குநீர் மருந்தும், மனத்துணையும், இழிசொல் கூறாத செவிலியும் கிடைக்கவில்லையெனில் அவ்வழி பாதியில் அறுந்த பாலமே.

பாதுகாப்பின் நிலை இதனினும் கொடிது. 2006-இல் வடசென்னையில், காவலர் இழைத்த பாலியல் கொடுமை தாளாது ஒருவர் தீக்குளித்து மாண்டார்; 2007-இல் சென்னை உயர் அறமன்றம் அவர் குடும்பத்திற்கு 5 இலக்கம் உருபா இழப்பீடு வழங்கப் பணித்தது. அசோக் நகருக்கு அணித்தேயுள்ள பாண்டி பசாரில், 2016 நவம்பரில், காவல் நிலையத்தருகே ஒரு திருநங்கை தீக்காயமுற்று இறந்தார். தற்கொலை என்றது காவல்துறை. அதனை ஏற்காது தெருவில் இறங்கிப் போராடினர் அவர்தம் தோழியர். இனி, நடுவண் அரசின் சட்டத்தைக் காண்க. பெண்ணொருத்தியை வன்புணர்ந்தவனுக்குக் குறைந்த அளவே பத்தாண்டுச் சிறை. திருநங்கை மீதான பாலியல் கொடுமைக்கோ, தில்லி 2019-இல் இயற்றிய சட்டம் ஆறு திங்களைக் கீழெல்லையாகவும் ஈராண்டை மேலெல்லையாகவும் வைத்தது. உடல் ஒன்றே, வலி ஒன்றே. தண்டத்தில் மட்டும் ஏன் இவ்வேற்றுமை? உயர்திணைக்கு ஒரு தராசு, அஃறிணைக்கு ஒரு தராசு என்பதன்றி இதற்கு வேறு பொருள் உண்டா?

பால்புதுமையினரைத் துன்புறுத்துதல் கூடாது என்று 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை நெறிகளில் புதிதாகச் சேர்க்கப்பட்டது. காவலர் பயிற்சிக் கல்லூரி அமைந்திருப்பதும் அசோக் நகரிலேயே. ஏட்டில் ஏறிய அந்நெறி, அங்குப் பயிலும் ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஏறல் வேண்டும். உயர் அறமன்றம் வரை வழக்காடி 2017-இல் உதவி ஆய்வாளராகப் பணியேற்ற பிரித்திகா யாசினியும், ஆடற்கலையால் உயர்ந்து 2019-இல் பத்மசிறீ விருது பெற்ற நர்த்தகி நடராசும் வாய்ப்பைப் போராடிப் பெற்றவர்கள். போராடித்தான் பெறவேண்டும் என்பதே குமுகாயத்தின் குற்றம்.

தூயதமிழ் என்பது வடசொல் களைவது மட்டுமன்று; வசைச்சொல் களைவதும் ஆகும். ‘அலி’ என்றும் ‘ஒன்பது’ என்றும் இளித்த நாவிற்குத் திருநங்கை, திருநம்பி என்னும் நற்சொற்கள் வாய்த்துள்ளன. சொல் வந்துவிட்டது, சொல்லுக்குரிய வாழ்வு இன்னும் வரவில்லை. பெற்றோர் பிள்ளையைத் துரத்தாதிருக்கட்டும். வீட்டுக்காரர் கதவைத் திறக்கட்டும். மருத்துவர் பெயர் கேட்டு, அப்பெயராலேயே அழைக்கட்டும். காவலர் காவலராகட்டும். இவற்றைச் செய்யாது திணைப்பெருமை பேசுவோன் தன்னையே அஃறிணையில் சேர்த்துக் கொள்கின்றான்!