பிரிட்டன் வெளியேறியது, பாட்டாளிக்கு என்ன கிடைத்தது?

2016ம் ஆண்டு ஜூன் 23ந் தேதி பிரிட்டிஷ் மக்கள் ஒரே ஒரு கேள்விக்கு ஓட்டளித்தார்கள். ஐரோப்பிய யூனியன் என்ற கூட்டு வர்த்தக அமைப்பில் நீடிப்பதா, விலகுவதா? நூற்றுக்கு 52 பேர் விலகுவோம் என்றார்கள். 48 பேர் நீடிப்போம் என்றார்கள். 1973ல் சேர்ந்த நாடு, 47 ஆண்டுகளுக்குப் பின், 2020 ஜனவரி 31ந் தேதி சட்டப்படி வெளியேறியது. அந்த ஆண்டின் கடைசி நாளோடு பழைய வர்த்தக ஏற்பாடுகளும் முடிந்தன.

வரவு செலவுக் கணக்குப் பார்க்கப் போதுமான காலம் ஓடிவிட்டது. கடலுக்கு அப்பால் நடந்த விவகாரம் நமக்கெதற்கு என்று ஆலைத் தோழரும் வயல் தோழரும் கேட்கலாம். அங்கே உழைப்பாளியை எந்தப் பேச்சால் ஏய்த்தார்களோ, அதே பேச்சு இங்கேயும் காதில் விழுகிறது. ஆகவேதான் இதைப் பேசுகிறோம்.

முதலில், யூனியன் என்றால் என்ன? இருபத்தெட்டு நாடுகள் தமக்குள் சுங்கவரி இல்லாமல், எல்லையில் சோதனை இல்லாமல் சரக்கு அனுப்பிக்கொண்டன. ஒரு நாட்டுத் தொழிலாளி மற்ற நாட்டில் போய் வேலை செய்யலாம். கோவைத் தோழர்களுக்கு வாளையார் செக்போஸ்ட் நினைவிருக்கும். 2017ல் ஜி.எஸ்.டி. வரும்வரை அங்கே லாரிகள் சாரிசாரியாக நின்றன. சரக்கும் அதே சரக்கு, ரஸ்தாவும் அதே ரஸ்தா; ஆனால் காகிதம் சரியில்லையென்றால் வண்டி நகராது. பிரிட்டன் தன் வாசலில் அப்படி ஒரு செக்போஸ்ட்டைத் தானே கட்டிக்கொண்டது.

2020 டிசம்பர் 24ந் தேதி செய்துகொண்ட ஒப்பந்தத்தில் சுங்கவரி இல்லை என்றுதான் எழுதினார்கள். ஆனால் வரி இல்லாமல் போக வேண்டுமானால் சரக்கு எங்கே உற்பத்தியானது என்று நிரூபிக்க வேண்டும். மாமிசம், பால் பொருள் என்றால் கால்நடை டாக்டரின் சர்டிபிகேட் வேண்டும். பெரிய கம்பெனிகள் நாலு குமாஸ்தாக்களை அதிகமாக வைத்துச் சமாளித்துக்கொண்டன. சிறு உற்பத்தியாளர் ஆயிரக்கணக்கானோர் ஐரோப்பாவுக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், எல்லையைக் கைப்பற்றுவோம் என்று முழங்கிய சர்க்கார், தன் நாட்டுக்குள் வரும் உணவுச் சரக்கைச் சோதிக்கும் ஏற்பாட்டை ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு 2024ல்தான் தொடங்கியது.

இதன் செலவு யார் தலையில் விழுந்தது? இந்த எல்லைத் தடைகளால் ஒரு குடும்பத்தின் உணவுச் செலவு மொத்தத்தில் சுமார் 250 பவுன் கூடியது என்று லண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் 2023ல் கணக்கிட்டார்கள். பங்களாவாசிக்கு அது ஒரு நாள் விருந்துச் செலவு. கூலிக்காரக் குடும்பத்துக்கோ அது அடுப்பிலேயே கைவைக்கும் தொகை. வெளியேறாமல் இருந்திருந்தால் எட்டியிருக்கும் நிலையைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நாளடைவில் 4 சதவீதம் குறைவாகவே இருக்கும் என்று சர்க்காரின் பட்ஜெட்டை மதிப்பிடும் அமைப்பே கூறுகிறது.

சரி, உழைப்பாளி மக்களில் இத்தனை பேர் ஏன் விலக ஓட்டளித்தார்கள்? அவர்களை அறிவிலிகள் என்று ஏசுவது படித்த கனவான்களின் வழக்கம். நாம் அந்த வழக்கத்தை ஏற்கவில்லை. சண்டர்லாந்து நகரைப் பாருங்கள். அங்கே கப்பல் கட்டும் தளங்கள் 1988ல் மூடப்பட்டன. வேல்ஸ் பகுதியில் எப்பு வேல் உருக்காலை 2002ல் மூடப்பட்டது. இரண்டு இடங்களிலும் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் விலக ஓட்டளித்தார்கள். வேலை போயிற்று, 2010க்குப் பின் சிக்கனம் என்ற பெயரில் நூலகமும் முதியோர் உதவியும் வெட்டப்பட்டன. இத்தனை காலம் யாரும் அவர்களை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்ட முதல் நாளே, இருக்கும் நிலை வேண்டாம் என்று சொன்னார்கள். அந்தக் கோபம் நியாயமான கோபம்.

ஆனால் அந்தக் கோபத்தை யார் எந்தப் பக்கம் திருப்பினார்கள்? சிக்கன வெட்டு பிரஸ்ஸல்ஸின் உத்தரவல்ல. லண்டன் மந்திரி சபையின் வேலை. அதை மறைத்து, வாரத்துக்கு 350 மில்லியன் பவுன் ஐரோப்பாவுக்குப் போகிறது, அதை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுக்கலாம் என்று பஸ்ஸில் எழுதி ஊர் ஊராக ஓட்டினார்கள். அந்தக் கணக்கு தவறு என்று சர்க்காரின் புள்ளிவிவர அமைப்பே கண்டித்தது. மற்றொரு பக்கம், உன் சோற்றைப் பறிப்பவன் போலந்துக்காரன், ருமேனியாக்காரன் என்று தூண்டினார்கள். ஓட்டெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, ஜோ காக்ஸ் என்ற பெண் எம்.பி.யை ஒரு பாசிஸ்ட் வெறியன் கொலை செய்தான். ஓட்டெடுப்பு முடிந்த அடுத்த மாதம் போலீசில் பதிவான இன, மத வெறிக் குற்றங்கள் முந்திய ஆண்டு ஜூலையைவிட 41 சதவீதம் அதிகம்.

ஐரோப்பிய யூனியன் ஒன்றும் தொழிலாளியின் தாய்வீடல்ல. 1975 ஓட்டெடுப்பிலேயே டோனி பென் போன்ற தொழிற்கட்சி இடதுசாரிகள், இது முதலாளிகளின் கூட்டு என்று எதிர்த்தார்கள். 2015 ஜூலையில் கிரீஸ் மக்கள் நூற்றுக்கு 61 பேர், எங்கள் பென்ஷனை வெட்டாதே என்று ஓட்டளித்தும், கடன்காரர்கள் வெட்டைத் திணித்தார்கள். இங்கிலாந்தில் விவசாயத் தொழிலாளருக்குக் கூலி நிர்ணயித்து வந்த போர்டு 2013ல் ஒழிக்கப்பட்டபோது பிரிட்டன் யூனியனுக்குள்தான் இருந்தது. பிரஸ்ஸல்ஸ் அதைத் தடுக்கவில்லை. ஆகவே 2016ல் தொழிற்சங்கங்கள் இரண்டு பட்டதில் ஆச்சரியமில்லை. பெரும்பாலான சங்கங்கள் நீடிக்கச் சொன்னன. ரயில்வே சங்கங்கள் போன்ற சில விலகச் சொன்னன. இரு பக்கமும் நேர்மையான தோழர்கள் இருந்தார்கள்.

ஆனால் வெளியேறும் வேலை இந்தத் தோழர்கள் கையில் இல்லை. பணக்காரர் கட்சியின் கையில் இருந்தது. கையில் அதிகாரம் வந்ததும் அவர்கள் செய்த காரியங்களைப் பாருங்கள். பாங்கு அதிகாரிகளின் போனஸ் சம்பளத்தைப் போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது என்று ஐரோப்பியச் சட்டம் இருந்தது. 2023 அக்டோபரில் அந்த வரம்பை நீக்கினார்கள். 2022 செப்டம்பரில் பிரதம மந்திரி லிஸ் டிரஸ்ஸின் சர்க்கார், பெரும் வருமானக்காரரின் 45 சதவீத வரியை ஒழிப்பதாக அறிவித்தது. கடன் சந்தை ஆட்டம் கண்டது. வீட்டுக் கடன் வட்டி ஏறியது. வரிச் சலுகையை வாபஸ் வாங்கிய அம்மையார் ஐம்பது நாள்கூட அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

தொழிலாளிக்கு என்ன வந்தது? 2022 மார்ச் 17ந் தேதி பி அண்ட் ஓ கப்பல் கம்பெனி சுமார் 800 மாலுமிகளை ஒரு வீடியோச் செய்தி மூலம் வேலைநீக்கம் செய்தது. சங்கத்துடன் கலந்து பேசவேண்டும் என்ற சட்டத்தைத் தெரிந்தே மீறியதாகக் கம்பெனித் தலைவரே பார்லிமெண்ட் கமிட்டி முன் ஒப்புக்கொண்டார். கிரிமினல் வழக்குக்கூட நடக்கவில்லை. 2023ல் வேலைநிறுத்த உரிமைக்கு வேலி போடும் சட்டம் வந்தது. சங்கங்கள் விடாமல் எதிர்த்தன. ஆட்சி மாறி, 2025 டிசம்பரில்தான் அது ரத்தாயிற்று. கடல் முழுதும் உங்களுக்கே என்று வாக்களிக்கப்பட்ட மீனவருக்கோ, 2038 வரை ஐரோப்பியப் படகுகள் வரலாம் என்று 2025 மே மாதம் புதிய உடன்பாடு எழுதப்பட்டது.

அரசியலும் நிலைகுலைந்தது. 2016க்கும் 2024க்கும் இடையே ஆறு பேர் பிரதம மந்திரி நாற்காலியில் அமர்ந்தார்கள். நீடிக்க ஓட்டளித்த ஸ்காட்லாந்து தன் விருப்பத்துக்கு மாறாக வெளியே இழுக்கப்பட்டது. வட அயர்லாந்தில் 1998 உடன்படிக்கை கொண்டுவந்த அமைதிக்கே சோதனை வந்தது. தெற்கு அயர்லாந்துடன் நிலத்தில் எல்லைச் சோதனை கூடாது என்பதற்காக, சோதனையைக் கடலில் வைத்தார்கள். அதை எதிர்த்து ஒரு கட்சி சபையைப் பகிஷ்கரித்ததால், 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டு அங்கே மந்திரிசபையே சரிவர இயங்கவில்லை.

அந்நியத் தொழிலாளி வருவது நின்றதா? அதுவும் இல்லை. 2023 ஜூன் முடிய ஓராண்டில் வந்தவர் எண்ணிக்கை, சென்றவரைவிட 9 லட்சத்துக்கு மேல் அதிகம். வந்தவரின் உரிமைதான் மாறியது. போலந்துத் தொழிலாளி முதலாளி பிடிக்காவிட்டால் வேறு வேலை தேடலாம். இப்போது தோட்டத்தில் பழம் பறிக்க நேபாளத்திலிருந்தும் இந்தோனேஷியாவிலிருந்தும் ஆறு மாத விசாவில் கொண்டுவந்தார்கள். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் தீருமுன் விசா தீர்ந்தவர் பலர். முதியோரைப் பராமரிக்க 2022 முதல் நம் நாட்டிலிருந்தும், குறிப்பாகக் கேரளத்திலிருந்தும் போனார்கள். விசா முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் 60 நாளில் வேறு முதலாளியைத் தேடவேண்டும், இல்லையேல் நாடு திரும்பவேண்டும். 2025 ஜூலையில் அந்தக் கதவையும் சாத்தினார்கள். வாய் திறக்க அஞ்சும் தொழிலாளிதான் முதலாளிக்கு மலிவு. அவன் கூலி குறைந்தால் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் ஏறாது.

இங்கேதான் திருப்பூர், கோவைத் தோழர்கள் கவனிக்க வேண்டும். நம் ஆலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளிகள் நம்மோடு நிற்கிறார்கள். வடக்கத்தியான் வந்ததால்தான் உன் கூலி ஏறவில்லை என்று சொல்கிற குரலை நாம் கேட்கிறோம். 2023 மார்ச்சில் அவர்கள் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. பயந்து பலர் ரயிலேறினார்கள். யாருக்கு லாபம்? கூலியைக் குறைப்பது பீகார்த் தொழிலாளியின் கையெழுத்தல்ல. அவனை காண்டிராக்ட் மூலம் எடுத்து, பி.எப். கட்டாமல், விடுதியில் பூட்டி வைத்து, பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிறவர்கள் வேறு ஆட்கள்.

மற்றொன்று. யூனியனை விட்டு வந்த பிரிட்டன் புதிய சந்தை தேடி, 2025 ஜூலை 24ந் தேதி நம் நாட்டுடன் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அவர்களுடைய விஸ்கிக்கு நாம் விதிக்கும் 150 சதவீத வரி முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறையும். நம் ஆயத்த ஆடைக்கு அங்கே வரி நீங்கும். பனியன் முதலாளிகள் மகிழ்ச்சி தெரிவித்தார்கள். ஆர்டர் பெருகுவதை நாமும் வரவேற்கிறோம். ஆனால் வரி நீங்கிக் கிடைக்கும் லாபத்தில் தையல் யந்திரத்தின் முன் குனிந்திருக்கும் பெண்ணின் பங்கு எவ்வளவு? ஒப்பந்தத்தின் எந்தப் பக்கமும் அதைத் தானாக வாங்கித் தராது. கூலி ஒப்பந்தம் பேசும் மேஜையில் நாம்தான் கேட்டு வாங்கவேண்டும்.

கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது மட்டும் கேள்வியல்ல. சாவி யார் கையில் என்பதே கேள்வி. பிரிட்டிஷ் தொழிலாளி கதவை மூட ஓட்டளித்தான். சாவி முதலாளியின் இடுப்பிலேயே இருந்தது. அந்தப் பாடத்தை நாம் இலவசமாகப் பெற்றிருக்கிறோம். வெளிமாநிலத் தொழிலாளியைச் சங்கத்தில் சேருங்கள். அவருடைய மொழியில் நோட்டீஸ் அச்சிடுங்கள். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்ற கோரிக்கையை அடுத்த பேச்சுவார்த்தையில் முதல் கோரிக்கையாக வையுங்கள். எல்லோரும் ஒரே சங்கத்தில் நின்றால் கூலியைக் குறைக்க முதலாளிக்கு ஆள் கிடைக்காது.