அம்மாயியின் நடை

கண்டி நடைபாதைகளைப் பற்றி நான் புலம்பாத மாதம் இல்லை. இந்த வாரக் கோபம் அவற்றின் மேல் அல்ல. ஒரு தாளில் அச்சாகி வந்த இரண்டு சொற்களின் மேல்: ‘அசாதாரண நடை’.

என் அம்மாயிக்கு முழங்கால் வலி. ஓரிடத்தில் நடையைப் பரிசோதிக்கிறார்கள் என்று கூட்டிப்போனேன். தீப்பெட்டி அளவிலான உணரிகளைக் கணுக்கால்களிலும் இடுப்பிலும் பட்டியால் கட்டினார்கள். உள்ளே முடுக்கமானியும் சுழல்மானியும். கால் எழும் வேகம், திரும்பும் கோணம், குதிகால் தரை தொடும் கணம் எல்லாவற்றையும் நொடிக்கு நூறு தடவை போலக் குறித்துக்கொள்ளும். சமதரையில் நடக்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கால் ஏறக்குறைய 60 சதவீத நேரம் தரையிலும் 40 சதவீத நேரம் காற்றிலும் இருக்கும். இதில் பிசகினால் கருவி கண்டுபிடித்துவிடும். பார்க்கின்சன் நோயில் காலடி நீளம் சுருங்குவதையும், பக்கவாதம் வந்தவர் தேறுவதையும் இதை வைத்தே அளக்கலாம். நல்ல கருவி, அதன் மேல் எனக்குக் குறையில்லை.

பளபளத்த தரையில் அம்மாயி பத்து மீற்றர் நடந்தார். உடம்பு முன்னே சாய்ந்து, முழங்கால் மடங்கி, குதிகாலுக்கு முன்பே விரல்கள் தரையைத் தேடுகிற நடை. பிறகு அந்தத் தாள் வந்தது.

அந்த நடை ஹந்தானைத் தேயிலைச் சரிவில் பழகியது. தலையில் கயிறு, முதுகில் கொழுந்துக் கூடை, நிரைக்குள் கால்வைக்க ஒரு சாண் இடம். மழை நாளில் வடிகானைத் தாண்டும்போது பெருவிரல்தான் முதலில் ஊன்ற வேண்டும். குதிகாலை நம்பினால் கூடையோடு உருள வேண்டியதுதான். கொழுந்தை நிறுக்கத் தராசு இருந்தது. அதைச் சுமந்த முழங்காலை யாரும் அளக்கவில்லை.

அதற்கு முந்திய நடையையும் யாரும் அளக்கவில்லை. கோப்பிக் காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள் எங்கள் முன்னோர். காய்ச்சலிலும் கொலராவிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்து வந்தவர்கள் பெயரில் வழிச்செலவைக் கங்காணி கடனாக எழுதினான். நடந்து வந்ததற்கே கடன்! அவர்கள் நடந்த வழியின் நினைவாக 2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் புறப்பட்டு ஆகஸ்ட் 12இல் மாத்தளையில் முடிந்த நடைபயணத்தில் கடைசி நாள் நானும் நடந்தேன். அன்று என் பாதம் கொப்புளம் கண்டது. செருப்பும் குடிதண்ணீரும் இருந்தும் எனக்கு அந்தக் கதி.

பேராதனையில் பொறியியலும் இயன்மருத்துவமும் படிக்கும் பிள்ளைகளே, ஹந்தானை உங்கள் தலைமாட்டில்தான் நிற்கிறது. அந்த உணரிகளை மலைக்குக் கொண்டுவாருங்கள். கூடை நிறைந்த பின் சரிவில் இறங்குகிற பெண்ணின் காலில் கட்டுங்கள். முழங்கால் படும் பாட்டுக்கு ஒரு கணக்கு கிடைத்தால், கூடையையும் பாதையையும் மாற்றச் சொல்லிக் கேட்க எங்கள் கையிலும் ஒரு தாள் இருக்கும்.

பரிசோதனை முடிந்த அன்று மாலை லயத்துக்கு இறங்கும் பாசி பிடித்த படியில் நான் தடுமாறினேன். எனக்கு முன்னே விரலை ஊன்றி ஊன்றி இறங்கிக்கொண்டிருந்த அம்மாயி திரும்பிக் கையை நீட்டினார்.

“பாத்து எறங்கு சாமி.”